நாற்பது பெண் மீன்கள்

நெடுங்கரடு நீர்த்தேக்கத்தில் முதல் ஆண்டு விட்ட மீன்கள் ஆயிரத்து இருநூறு. அத்தனையும் ஜிலேபி, அத்தனையும் ஆண். சந்தையில் கூறுகட்டி விற்கும் ஜிலேபிக்கும் அவற்றுக்கும் பார்வையில் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் அவற்றின் வாரிசுகளில் இருந்தது. அவற்றுக்குப் பிறக்கும் குஞ்சு எல்லாம் ஆணாகவே பிறக்கும். அந்த ஆண்களுக்குப் பிறப்பவையும் ஆணாகவே பிறக்கும்.

அவற்றை உருவாக்கியவள் ஜெசிந்தா. நன்னீர் மீன் மீட்பு மையத்தில் மரபியல் பிரிவின் தலைவி. வயது முப்பத்தெட்டு. குளச்சல்காரி, கடல்மீன் தின்று வளர்ந்து ஆற்றுமீன் படித்தவள்.

அணை கட்டும் முன் அந்த ஆற்றில் முப்பத்தொரு வகை மீன் இருந்ததாக ஒரு பழைய அறிக்கை சொன்னது. ஜெசிந்தா இரண்டு வருடம் வலை போட்டு எண்ணியதில் ஒன்பதுதான் அகப்பட்டன. குறைந்ததற்கு அவள் நான்கு காரணம் எழுதினாள். முட்டையிட மேலேறிப் போகும் மீன்களை அணை தடுத்துவிட்டது. முட்டை ஒட்டிக்கொள்ளும் சரளையை மணலோடு சேர்த்து அள்ளிவிட்டார்கள். மேலே இருக்கும் ஆலைகளின் கழிவு வெயில் காலத்தில் தண்ணீரின் மூச்சை அடைத்தது. நான்காவது ஜிலேபி. எப்போதோ ஏழைகளின் உணவுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். கரையோரத்தில் குழி தோண்டிக் குடியேறும். மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும். தன் முட்டையை மட்டும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும்.

அணையை இடிக்க முடியாது. மணலையும் ஆலையையும் தொட ஆள் இல்லை. ஜிலேபிக்காகப் பரிந்து பேசவும் ஆள் இல்லை. ஆகவே திட்டம் ஜிலேபியில் தொடங்கியது.

மாதந்தோறும் கணக்கெடுக்கப் பரிசல் வேண்டியிருந்தது. அணைக்கரைக் குடியிருப்பில் முப்பது குடும்பங்கள் பரிசலில் மீன் பிடித்தன. அவர்களில் மாராத்தாள் வந்தாள். ஐம்பது வயது, கணவனை இழந்தவள், தானே துடுப்புப் போட்டுத் தானே வலை விரிப்பவள். ஜிலேபியைப் புரட்டி வயிற்றுப்பக்கம் ஒரு பார்வை பார்த்தால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவாள். ஜெசிந்தாவின் உதவியாளர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொண்டு அதையே சரிபார்ப்பார்கள். ஆறு மாதத்தில் அவள் சொன்னது இரண்டு முறைதான் தவறியது.

எதற்காக இந்த ஆண் மீன்கள் என்று ஒருநாள் பரிசலில் அவள் கேட்டாள். ஜெசிந்தா எளிமையாகச் சொன்னாள். மாராத்தாள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப கடேசில கட்டிக்கறதுக்குப் பொண்ணே இல்லாமப் போயிருமுங்களா?"

"ஆமாக்கா. பெண் மீன் குறையக் குறைய இனமே சுருங்கிடும்."

"எங்க சனத்துலயும் ஒரு காலத்துல பொட்டப் புள்ளைய வேண்டாம்னு கலைச்சாங்க அம்மிணி. இப்பப் பையனுக்குப் பொண்ணு கேட்டுப் பாலக்காடு வரைக்கும் போறாங்க." சற்றுப் பொறுத்து அவள் கேட்டாள்: "இந்தக் கோளாறு பொண்ணு மீனுல இருக்காதுங்களா?"

"இருக்கவே முடியாது. அது இருந்தா ஆணாத்தான் பிறந்திருக்கும். பெண் மீன் எப்பவும் சுத்தம்."

மாராத்தாள் தலையாட்டிவிட்டுத் துடுப்பை எடுத்தாள். அவள் இதை மனத்தில் வைத்துக்கொள்வாள் என்று ஜெசிந்தா நினைக்கவில்லை.

திட்டம் கணக்குப்படியே நடந்தது. மூன்றாம் ஆண்டில் பத்துக்கு எட்டு ஆண். நான்காம் ஆண்டில் நூற்றுக்கு ஆறு பெண். ஐந்தாம் ஆண்டு கோடையில் கரையோரக் குழிகள் வெறுமையாகக் கிடந்தன. ஆற்றின் சொந்த மீனான சேல்கெண்டையின் குஞ்சுகள் முதல்முறையாகப் புல்லோரத்தில் கூட்டமாகத் தென்பட்டன. ஜெசிந்தா அவற்றைப் படமெடுத்து மையத்தின் இயக்குநர் வேதகிரிக்கு அனுப்பினாள். அவர் அதைத் தில்லிக்கு அனுப்பினார். இன்னும் பதினோரு அணைகளுக்குத் திட்டத்தை விரிவாக்க அனுமதி வந்தது.

அதோடு ஜெசிந்தா தன் யோசனையாக இன்னொன்றும் சேர்த்தாள். சேல்கெண்டை, வெண்கெண்டைக் குஞ்சுகளை மையத்திலேயே வளர்த்துக் கிராமத்துக் குளங்களுக்கு இலவசமாகக் கொடுப்பது. இருநூறு குளங்களுக்கு மேல் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் விழாப்போல நடந்தது.

அணைக்கரைக் குடியிருப்பில் நிலைமை வேறு. சேல்கெண்டை வளர்ந்து பெருக எட்டு வருடமாவது ஆகும்; அதுவரை அதைப் பிடிக்கத் தடை. ஜிலேபி வலையில் விழவில்லை. மையம் மாற்று வேலை தருவதாகச் சொல்லி, குடும்பத்துக்கு ஒருவரை நூற்பாலை வண்டியில் ஏற்றிவிட்டது. பரிசல்கள் கவிழ்த்த நிலையிலேயே காய்ந்து ஓட்டை விழுந்தன. சுற்றுவட்டாரச் சந்தைகளில் கூலிக்காரர்கள் வாங்கும் ஒரே மீன் ஜிலேபிதான். அது இல்லாமல் போனதை எந்த அறிக்கையும் எழுதவில்லை. அறிக்கையில் அதற்கென்று ஒரு பத்தி கிடையாது. மாராத்தாள் இரண்டு முறை இதைச் சொன்னாள். ஜெசிந்தா இரண்டு முறையும் கேட்டுக்கொண்டாள்.

ஏழாம் ஆண்டு புரட்டாசியில் ஒட்டம்பாறைப்புதூர்க் குளத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. அணையிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர். இடையில் ஆறோ வாய்க்காலோ கிடையாது. அந்தக் குளத்து ஜிலேபிகளில் பெண் குறைகிறதே, ஏன் என்று அங்குள்ள மீன் ஏலக்காரர் கேட்டிருந்தார். ஜெசிந்தா சோதனைப் பெட்டியோடு போனாள். மீனில் அந்த மரபு மாற்றம் உண்டு, இல்லை என்ற இரண்டே பதிலைச் சொல்லும் பெட்டி அது. எழுபது மீனில் முப்பத்தொன்றுக்கு உண்டு என்றது.

நெடுங்கரட்டிலிருந்து உயிர்மீன் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். அணையின் மதகுகளில் மின்வேலி இருந்தது. சாலையில் சோதனைச் சாவடி இருந்தது. ஜெசிந்தா திரும்பி வரும் வழியில் அந்த ஊரின் பெயரை எங்கே கேட்டோம் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். மாராத்தாளின் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் அது.

மாராத்தாள் வீட்டு வாசலில் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தாள். பிடிக்க மீன் இல்லாத காலத்திலும் அவள் வலையைச் சீராக வைத்திருந்தாள். ஜெசிந்தா கேட்டதும் அவள் மறைக்கவில்லை.

போன வருடம் சித்திரையில் நாற்பது மீன் கொண்டுபோனதாகச் சொன்னாள். பால் கேனில் ஊற்றி, பஸ்ஸில். மகள் ஊர்க் குளத்தில் ஜிலேபி ஏற்கெனவே இருக்கிறது. இங்கேயுள்ள பெண் மீன்கள் ஆண் துணையால் கெட்டு அழியப் போகின்றன. அங்கே போனால் நல்ல ஆணோடு சேரும், பெருகும், பேரக்குழந்தைகள் தின்னும் என்று நினைத்தாள்.

"நாப்பதும் பொண்ணுதானுங்க. ஒவ்வொண்ணையும் பொரட்டிப் பாத்துத்தான் எடுத்தேன். பொண்ணு சுத்தம்னு நீங்கதான சொன்னீங்க?"

"வாய்க்குள்ள முட்டை, குஞ்சு இருந்தா?"

"அதுந் தெரியாதுங்களா எனக்கு? நாப்பது வாயையுந் தொறந்து பாத்தேன். கக்க வச்சுத்தான் போட்டேன்."

ஜெசிந்தா கேட்டாள்: "கேன்ல தண்ணி எங்க மொண்டீங்க?"

மாராத்தாள் கையில் இருந்த ஈயக்குண்டைக் கீழே வைத்தாள்.

"அங்கயேதானுங்க. கரையில."

முட்டையிலிருந்து பொரித்து மூன்று நாளான ஜிலேபிக் குஞ்சு கடுகளவுதான் இருக்கும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. கரையில் மீன்கள் கக்கியவை அவள் கேனில் மொண்ட அதே தண்ணீரில்தான் இருந்திருக்கும். ஜெசிந்தா அதை விளக்கவில்லை. விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் வேதகிரியிடம் போய்ச் சொன்னாள். குளத்தை உடனே வடித்து மருந்திட வேண்டும், ஐப்பசி மழையில் அது நிரம்பி வழிந்தால் கீழேயுள்ள குளங்களுக்கும் போய்விடும் என்றாள். வேதகிரி நல்ல நிர்வாகி, பதற்றப்படாதவர். முதலில் யார் கொண்டுபோனார்கள் என்று எழுத்தில் வேண்டும் என்றார். காரணம் தெரியாமல் குளத்தை வடித்தால் திட்டத்திலேயே ஓட்டை என்று ஆகிவிடும். காரணம் ஒரு தனி ஆளின் சட்டமீறல் என்றால் திட்டம் தப்பிக்கும், குளத்தையும் மறுநாளே வடிக்கலாம்.

"பேரு இல்லாம எழுத முடியாதா சார்?"

"நீங்க விஞ்ஞானி. தெரிஞ்சதை எழுதுங்க. நான் எதையும் மறைக்கச் சொல்லலை, சேர்க்கவும் சொல்லலை."

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜெசிந்தா தெரிந்ததை எழுதினாள். மாராத்தாள், வயது ஐம்பத்தாறு, பால் கேன், நாற்பது மீன், நீர்த்தேக்கத்துத் தண்ணீர்.

குளத்தை வடித்தார்கள். மிச்சத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். மூன்று நாள் ஊர் முழுக்க நாறியது. ஆனாலும் பயனில்லாமல் போயிற்று. தை மாதத்துக்குள் இன்னும் ஒன்பது குளங்களில் ஆண் மீன்கள் அகப்பட்டன. மறு வருடம் நூற்றுக்கு மேல். வடிப்பதற்கு முன்பே ஏதோ ஒரு மழையில் குளம் வழிந்திருக்க வேண்டும் என்று எழுதி முடித்தார்கள்.

மாராத்தாளுக்குப் பதினோரு மாதம் சிறை. உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாநிலத்தில் தண்டனை பெற்ற முதல் ஆள் அவள்தான். விசாரணையில் ஜெசிந்தா சாட்சி சொன்னாள். தண்ணீரில் குஞ்சு இருந்திருக்க முடியுமா என்று அரசு வக்கீல் கேட்டார், முடியும் என்றாள். அது மட்டும்தான் வழியா என்று யாரும் கேட்கவில்லை. மாராத்தாளும் எதையும் மறுக்கவில்லை. நீதிபதி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்றபோது, தெரியாமல் செய்துவிட்டதாகவும் குளத்து மீனெல்லாம் செத்ததற்கு வருந்துவதாகவும் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஓடியது.

குளம் குளமாக ஜிலேபி போயிற்று. மீன்குஞ்சுப் பொரிப்பகங்கள் தாய்மீனைக் குளங்களிலிருந்தே எடுத்ததால் அவையும் கெட்டன. ஊர்ச்சாக்கடை கலக்கும் குளங்களில் வேறெந்த மீனும் பிழைக்காது. ஜிலேபி போனபின் அங்கே கொசுப்புழுவைத் தின்ன எதுவும் இல்லை. அந்த ஊர்களில் காய்ச்சல் வருடா வருடம் வந்தது. நெடுங்கரட்டில் மட்டும் ஜெசிந்தா நினைத்தது நடந்தது. பதினேழு வகை மீன்கள் திரும்பியிருந்தன. அவை இத்தனை நாள் மேலேயிருந்த ஓடைகளில் ஒதுங்கிக் கிடந்தவை. சேல்கெண்டை பிடிக்கத் தடை நீங்கியபோது பிடிப்பதற்கு முப்பது குடும்பத்தில் இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள்.

ஒன்பதாம் வருடம் இலங்கையிலிருந்து ஓர் ஆய்வகம் ஜெசிந்தாவுக்கு எழுதியது. அங்கே குளத்து மீன்பிடி முழுக்க ஜிலேபியை நம்பியது. அங்கேயும் ஆண் மீன்கள் அகப்பட ஆரம்பித்திருந்தன. எந்த வழியாக வந்தது என்று தெரிந்தால் எங்கே தடுப்பது என்று தெரியும். மையம் உருவாக்கிய மீன்களில் அடையாளக்குறி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தார்கள்.

உண்டு. ஜெசிந்தாதான் வைத்திருந்தாள். ஒவ்வொரு மீன்வரிசைக்கும் மரபணுவில் ஒரு சிறு எழுத்துக்கோவை, பதிவேட்டு எண் போல. நெடுங்கரட்டில் விட்டவை முதல் இரண்டு வரிசைகள். சோதனைப் பெட்டி அந்த எழுத்தைப் படிக்காது. உண்டு, இல்லை என்றுதான் சொல்லும். எழுத்தைப் படிக்க மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். ஒட்டம்பாறைப்புதூர் மாதிரிகளை அப்போது யாரும் அனுப்பவில்லை. மாராத்தாள் ஒப்புக்கொண்டுவிட்டாள்; தேட வேறெதுவும் இருக்கவில்லை.

உறைபெட்டியில் அந்த முப்பத்தொரு மாதிரிகளும் அப்படியே இருந்தன. ஜெசிந்தா அவர்கள் அனுப்பிய இலங்கை மாதிரிகளோடு அவற்றையும் சேர்த்து அனுப்பினாள்.

முடிவு வந்தபோது அவள் இரண்டு முறை படித்தாள். ஒட்டம்பாறைப்புதூர் மீன்கள் முதல் வரிசையும் அல்ல, இரண்டாவதும் அல்ல. ஐந்தாம் வரிசை. மற்ற பதினோரு அணைகளுக்காக மையத்தின் தொட்டிகளிலேயே வளர்த்தது. நெடுங்கரட்டில் ஒருபோதும் விடாதது. இலங்கை மீன்களும் ஐந்தாம் வரிசை.

அவள் பழைய கட்டட வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். ஐந்தாம் வரிசைத் தொட்டிகளின் கழிநீர் வலைச்சல்லடை வழியாக அடுத்த குளத்துக்குப் போயிற்று. தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று அப்படி அமைத்திருந்தார்கள். அந்த அடுத்த குளத்தில்தான் கிராமங்களுக்குக் கொடுக்கும் சேல்கெண்டைக் குஞ்சுகள் வளர்ந்தன. சல்லடையின் கண் கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. ஒட்டம்பாறைப்புதூருக்குக் குஞ்சு கொடுத்த தேதி, மாராத்தாள் பஸ் ஏறியதற்கு ஐந்து மாதம் முன்பு. விநியோகப் பட்டியலில் கையெழுத்து ஜெசிந்தாவுடையது.

மாராத்தாள் கொண்டுபோன தண்ணீரில் குஞ்சு இருந்ததற்கு ஒரு மாதிரிகூடச் சாட்சி சொல்லவில்லை. அவள் விட்ட நாற்பதும் பெண், நாற்பதும் சுத்தம். அவற்றைத்தான் வடித்துக் கொன்றார்கள்.

வேதகிரி ஓய்வு பெற்றிருந்தார். ஜெசிந்தா அவருக்குப் போன் செய்தபோது அவர் முழுவதையும் கேட்டார். இதை இப்போது எழுதினால் நாட்டு மீன் குஞ்சு கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள், திரும்பி வந்த பதினேழு வகைக்கும் யார் பொறுப்பு என்று யோசிக்கச் சொன்னார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

ஜெசிந்தா இரண்டு வாரம் யோசித்தாள். பிறகு மாராத்தாளைத் தேடிப் போனாள்.

மாராத்தாள் நூற்பாலை விடுதியின் சமையல்கூடத்தில் இருந்தாள். அறுபத்தாறு வயது. நானூறு பெண்களுக்குச் சாதம் வடிக்கும் இடம். ஜெசிந்தாவைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, வெளியே தொட்டியடியில் இருந்த கல்லில் உட்காரச் சொன்னாள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள். மதியப் பரிமாறல் தொடங்க இன்னும் அரைமணி இருந்தது.

ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். வரிசை, எழுத்து, சல்லடை, தேதி. முடித்ததும் மாராத்தாள் கேட்டாள்.

"அப்ப நாங் கொண்டுபோனது?"

"அதுல ஒண்ணுமில்லக்கா. சுத்தமாத்தான் இருந்திருக்கு."

"நாப்பதுமுங்களா?"

"நாப்பதும்."

மாராத்தாள் சமையல்கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரோ கரண்டி கேட்டார்கள். எங்கே இருக்கிறது என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

"செயில்ல இருக்கையில தெனமும் அதத்தான் நெனப்பேன். எந்தக் குஞ்ச விட்டுப்போட்டேன்னு. கேனைக் கவுத்ததெல்லாம் கனாவுல வரும். எம்மகளும் பேசறதில்ல, அவ ஊர்க் குளத்தக் கெடுத்துப்போட்டன்னு அவங்க வீட்டுல சொல்லிச் சொல்லி." அவள் குரல் மாறவில்லை. "ஒம்போது வருசமா வரும்."

ஜெசிந்தாவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. அந்தச் சொல் அந்த இடத்தில் போதாது என்று தோன்றியதால், செய்யப்போவதைச் சொன்னாள். இதை எழுதினால் தீர்ப்பை ரத்து செய்வார்கள். ஆனால் குஞ்சு கொடுக்கும் திட்டம் நிற்கும். மையத்தை மூடவும் கூடும். பழைய வழக்கு மறுபடி பத்திரிகையில் வரும், மாராத்தாளைத் தேடி இங்கேயும் வருவார்கள்.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதன்படி செய்யறேன்கா. எழுதட்டுமா?"

மாராத்தாள் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள்.

"எம்பேர எழுதறப்ப எங்கிட்டக் கேட்டீங்களா அம்மிணி?"

ஜெசிந்தா இல்லை என்றாள்.

"பின்ன இதுக்கு மட்டும் எதுக்குங்க எங்கிட்ட வாறீங்க?"

உள்ளே மணி அடித்தது. மாராத்தாள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லி, உள்ளே போய் ஒரு தட்டில் சாதமும் பருப்பும் அனுப்பிவைத்தாள். அவள் மறுபடி வெளியே வரவில்லை.

ஜெசிந்தா அன்றைக்கே எழுதினாள். ஐந்து பக்கம். விநியோகப் பட்டியலின் நகலையும் தன் கையெழுத்தோடு சேர்த்தாள். அதை எங்கெங்கே அனுப்ப வேண்டுமோ அங்கெல்லாம் அனுப்பினாள், இலங்கைக்கும் அனுப்பினாள். குஞ்சு விநியோகம் அந்த மாதமே நின்றது. ஜெசிந்தாவைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். இலங்கையில் மட்டும் அது கைகொடுத்தது. இங்கிருந்து வாங்கிய கெண்டைக் குஞ்சுகளோடு வந்தது என்று தெரிந்ததும், அவை போகாத குளங்களை அவர்கள் அடைத்து வைத்தார்கள். அந்தக் குளங்களில் ஜிலேபி இன்னும் இருக்கிறது.

உயர்நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்ய ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆயிற்று. மாராத்தாள் குற்றமற்றவள் என்று நீதிபதி வாசித்தபோது மண்டபத்தில் ஆறேழு பேர் இருந்தார்கள். மனுதாரர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். வக்கீல் எழுந்து, அவருக்கு இன்று பகல் ஷிப்ட், விடுப்புக் கேட்க அவர் விரும்பவில்லை என்றார்.

கடைசி வரிசையில் மாராத்தாளின் மகள் உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பின் நகல் கிடைக்குமா என்று அவள் எழுந்து கேட்டாள்.